முதலில் மனமா, சோறா? – கடிதம்

சேருக்கு வணக்கம்,

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். என் தங்கச்சிக்கு 17 வயது, உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். போன வருஷம் ஆடி வெள்ளிக்கு விரதம் என்று தொடங்கியவள், பிறகு சோற்றை விட்டாள், ரொட்டியை விட்டாள். இப்போது சாயத்தண்ணியும் ஏதாவது ஒரு பழத்துண்டும்தான். மத்தியான வெயிலிலும் இரண்டு சுவெட்டர் போடுகிறாள். ஆனால் வீட்டில் எல்லாருக்கும் அவள்தான் சமைக்கிறாள். தம்பி சாப்பிடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கிறாள். இரவெல்லாம் போனில் சமையல் வீடியோ. புத்தகத்தில் ஒரே பக்கத்தை ஒரு மணி நேரம் வைத்திருக்கிறாள். தொட்டதற்கெல்லாம் அழுகை. இவ்வளவு மெலிந்தும் தான் குண்டு என்கிறாள். அப்பா திமிர் என்கிறார். அம்மா கோடாங்கியிடம் கேட்டுக் கயிறு கட்டிவிட்டார். பரீட்சை முடியட்டும், மனசு சரியானால் தானாகச் சாப்பிடுவாள் என்கிறார்கள். அவள் மனதை எப்படிச் சரிசெய்வது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள டீச்சருக்கு,

"மனசு சரியானால் தானாகச் சாப்பிடுவாள்." இதையே நம்பி என் அக்கா மகள் விஷயத்தில் ஒன்றரை வருஷத்தைத் தொலைத்தவன் நான். உட்கார வைத்துப் பேசினேன், கெஞ்சினேன், கோபித்தேன். பிற்பாடு அவள் தேறி வந்து ஒருநாள் சொன்னாள்: "மாமா, நீங்க பேசினது ஒண்ணும் ஞாபகம் இல்ல. மேசையில வடை இருந்திச்சே, அதுதான் ஞாபகம் இருக்கு."

உங்கள் வீட்டில் காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். நீங்கள் எழுதிய அழுகை, கோபம், குளிர், சமையல் வீடியோ, நகராத பக்கம், இவற்றில் பெரும்பகுதி பட்டினி செய்கிற வேலை. ஆரோக்கியமான ஆளைப் பட்டினி போட்டாலும் இவை வரும். அதைச் செய்தே பார்த்திருக்கிறார்கள்.

1944இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களைச் சேர்த்தார். மனச்சாட்சியின் பேரில் போருக்குப் போக மறுத்தவர்கள், உடலும் மனமும் நன்றாக இருக்கிறதா என்று சோதித்து எடுக்கப்பட்டவர்கள். போரில் பட்டினி கிடந்த மக்களுக்கு எப்படி மீண்டும் உணவு கொடுப்பது என்று அறிவதற்காக அவர்களாகவே முன்வந்தார்கள். 24 வாரங்களுக்கு அவர்களுடைய உணவைப் பாதியளவுக்குக் குறைத்தார்கள். உடல் எடையில் கிட்டத்தட்ட கால்பங்கு போனது. மனதுக்கு நடந்ததைக் கேளுங்கள். சமையல் புத்தகங்களை உட்கார்ந்து படித்தார்கள். ஒரு தட்டுச் சாப்பாட்டை மணிக்கணக்கில் நீட்டினார்கள். கோப்பியை மாறி மாறிக் குடித்தார்கள். கோடையிலும் குளிர்ந்தது. சிரிப்பு போனது, கூட்டாளிகளை ஒதுக்கினார்கள், சிலர் கடும் மனச்சோர்வில் விழுந்தார்கள். எதிலும் கவனம் நிற்கவில்லை என்று குறைப்பட்டார்கள். ஆனால் அறிவுச் சோதனை வைத்தபோது புத்தி பெரிதாகக் குறைந்திருக்கவில்லை. உங்கள் தங்கச்சியின் மூளை கெட்டுப்போய்விட்டதோ என்று பயந்திருப்பீர்கள். அப்படியில்லை, சாப்பாட்டு நினைப்பு அங்கே வேறு எதற்கும் இடம் விடவில்லை.

இவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நம் பக்கத்தில் 1973, 74ஐப் பார்த்த பெரியவர்களைக் கேளுங்கள். தோட்டங்களில் ரேஷன் சுருங்கி, ஆட்கள் பட்டினியில் செத்த காலம். என் அம்மா சொல்வார்: லயத்தில் சிரிப்புச் சத்தமே இல்லை, அரை ரொட்டிக்காக அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை முறிந்தது, ராத்திரி படுத்தால் என்றைக்கோ கோயில் திருவிழாவில் சாப்பிட்ட சோற்றைப் பற்றித்தான் கதை. அவர்கள் யாருக்கும் திமிர் இல்லை. கோடாங்கி கண்டுபிடிக்க அவர்களிடம் பேயும் இல்லை. இதை உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள், அந்தக் காலத்து ஆளென்றால் உடனே பிடிபடும்.

மூளை நம் எடையில் சுமார் 2 வீதம்தான். ஆனால் ஓய்வில் இருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. வரத்து நின்றால் அது சிக்கனம் பிடிக்கும். இந்த நோய் (அனொரெக்சியா என்பார்கள், எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்கும் நோய்) முற்றியவர்களின் மூளையை ஸ்கேன் செய்தால் சுருங்கியிருப்பது தெரிகிறது. எடை திரும்பும்போது அதில் பெரும்பகுதி மீளவும் செய்கிறது. பட்டினியில் எண்ணம் இறுகிவிடும். ஒரு விதியைப் பிடித்தால் விட முடியாது. அதனால்தான் அவளிடம் வாதம் எடுபடுவதில்லை.

ஆனால் ஒரு வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. மினசோட்டா இளைஞர்களும் சரி, நம் லயத்து ஆட்களும் சரி, சாப்பாடு கிடைத்தால் பாய்ந்து சாப்பிட்டார்கள். உங்கள் தங்கச்சி சாப்பாட்டைக் கண்டு பயப்படுகிறாள். அந்தப் பயம்தான் நோய். அதற்கு வம்சம், சுபாவம், "மெலிஞ்சா அழகா இருப்பே" என்று யாரோ சொன்ன வார்த்தை என்று பல வேர்கள் உண்டு. பட்டினி அந்த வேர்களுக்குத் தண்ணீர் ஊற்றுகிறது. ஆலோசனை அவளுக்கு நிச்சயம் வேண்டும். வயிறு காய்ந்திருக்கும்வரை அது உள்ளே இறங்குவது கஷ்டம். ஆகவே சோறு முதலில், அல்லது இரண்டும் சேர்ந்து. பரீட்சைக்குப் பிறகு என்று தள்ள வேண்டாம். மனநோய்களில், வந்தவர்களில் அதிக பங்கினரைக் கொல்பவற்றில் இதுவும் ஒன்று. இதயம் நின்று போகிறவர்கள் உண்டு, தற்கொலை செய்துகொள்கிறவர்களும் உண்டு. பரீட்சையை அடுத்த வருஷமும் எழுதலாம்.

அதற்காக இன்றிரவே தட்டு நிறையப் போட்டு ஊட்டிவிடாதீர்கள். நீண்ட பட்டினிக்குப் பின் திடீரென நிறையச் சாப்பிட்டால் இரத்தத்தில் பொஸ்பேற் போன்ற உப்புகள் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். இரண்டாம் உலகப்போர் முடிந்து முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்கள் சிலர் அப்படித்தான் இறந்தார்கள். முதலில் டாக்டர் நாடித்துடிப்பு, பிரஷர், இரத்தம் எல்லாம் பார்க்க வேண்டும். எவ்வளவில் தொடங்குவது என்று அவர் சொல்லட்டும். மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, சாவைப் பற்றி ஒரு சொல் வந்தாலோ, கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் அப்போதே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவனத்தில் பேசலாம்.

லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் ஒரு முறையை வளர்த்தெடுத்தார்கள். என்ன, எவ்வளவு, எப்போது என்பதைக் கொஞ்ச காலத்துக்குப் பெற்றோரே தீர்மானித்து, பக்கத்தில் இருந்து சாப்பிட வைப்பது. பிள்ளையைக் குற்றம் சொல்வதில்லை, பெற்றோரையும் குற்றம் சொல்வதில்லை. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு நல்ல பலன் தருகிறது. நம் வீடுகளில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து "இன்னும் ஒரு வாய்" என்பது புதிதா என்ன? அடுப்படி வேலையை அவளிடமிருந்து அம்மா திரும்ப வாங்கிக்கொள்ளட்டும். சாப்பாட்டு நேரத்தில் உடம்பைப் பற்றி, எடையைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. பாராட்டுகூட வேண்டாம். அவள் அழுவாள், உங்களைத் திட்டுவாள். மினசோட்டாவிலும் சாப்பாடு திரும்பத் தொடங்கிய வாரங்களில் சிலருக்கு மனம் முன்னைவிடக் கெட்டது, முழுசாகத் தெளிய மாதங்கள் பிடித்தன. என் அக்கா இரண்டாம் மாதத்தில் கைவிடப் பார்த்தாள். நல்லவேளையாக விடவில்லை.

ஆஸ்பத்திரிக்கு நீங்களும் கூடப் போங்கள், டீச்சர். டாக்டருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம், அம்மா தயங்கிப் பாதியை விழுங்கிவிடுவார். எனக்கு எழுதியதை அப்படியே சிங்களத்தில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். மாதவிடாய் நின்றிருக்கிறதா, வாந்தி எடுக்கிறாளா என்பதையும் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு சுவெட்டரை விட்டுவிடாதீர்கள்.