வாசகர் கேள்வி – பதில்: ஆண்டுக்கணக்கில் மணக்கும் செடிகள்

கேள்வி: ஊட்டியிலிருந்து வாங்கி வந்த ரோஸ்மேரி, சென்னையில் எங்கள் மொட்டைமாடியில் கோடையைத் தாங்கி நின்றது, ஐப்பசி மழையில் அடித்தண்டு கறுத்துக் காய்ந்துவிட்டது. மருந்து தெளித்திருக்க வேண்டுமா? பல ஆண்டுகள் நிலைக்கும் வாசனைச் செடிகள் வேறு உண்டா?

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகள் வேரழுகலையே காட்டுகின்றன, அந்த நிலையில் மருந்தால் பெரும்பயன் இருந்திராது. மத்தியதரைக் கடலோரத்தின் வறண்ட சரிவுகளுக்கு உரிய ரோஸ்மேரி வெயிலைத் தாங்கும். ஆனால், வேரைச் சுற்றி ஓயாமல் ஈரம் நின்றால், காற்றோட்டமற்ற அந்த மண்ணில் பூஞ்சைகள் பெருகி வேரை அழித்துவிடும். மாடித் தோட்டக்காரர்கள் விரும்பிப் பயன்படுத்தும் தென்னை நார்க்கழிவு, நீரைப் பிடித்து வைப்பதால் கீரைக்கு நன்மை தருகிறது. ரோஸ்மேரிக்கு அதுவே கேடாகிறது. மறுமுறை செம்மண்ணும் பருமணலும் சம அளவில் எடுத்து, மக்கிய தொழுவுரம் ஒரு பிடி மட்டும் சேர்த்து, துளையுள்ள மண்தொட்டியில் நடுங்கள். மேல்மண் காய்ந்த பிறகே நீர் ஊற்றுங்கள். புரட்டாசி முடிவதற்குள் தொட்டியை, வெயில் விழுந்தும் மழை விழாத இடத்துக்கு மாற்றிவிடுங்கள். கவாத்து செய்யும்போது இலையற்ற முதிர்ந்த கட்டை வரை வெட்டினால் பெரும்பாலும் துளிர்க்காது என்பதால், பசுமையான நுனிகளை மட்டும் கிள்ளுவது நல்லது.

இவ்வளவு காவல் காக்க இயலாதவர்கள், சமவெளிக்குப் பழகிய செடிகளிலிருந்து தொடங்குவதையே நான் விரும்புவேன். கற்பூரவல்லியை ஒரு கிளை ஒடித்து நட்டாலே போதும். தண்டு முற்றி இலை சிறுக்கும்போது புதுக்கிளை நட்டுப் புதுப்பித்துக்கொள்ளலாம். எலுமிச்சைப் புல்லைத் தூர் பிரித்து நட்டு, தரையிலிருந்து 10 முதல் 15 செ.மீ. விட்டு அறுத்தால், மீண்டும் மீண்டும் தழையும். நீர் வடியாத மூலை தோட்டத்தில் இருந்தால் அங்கே வசம்பு வைக்கலாம். அது ஈரத்தை நாடும் செடி.

கேள்வி: வெட்டிவேரைத் தொட்டியில் வளர்க்கலாமா?

பதில்: தொட்டியைவிட உயரமான சாக்குப்பை மேலானது. கடலூர்க் கடலோரத்து உழவர்கள் மணற்பாங்கான நிலத்தில் பயிரிடுவதற்குக் காரணம் உண்டு: இறுகிய மண்ணில் வேர் தோண்டும்போது அறுந்துபோகும். மணல் மிகுந்த கலவையில் நட்டு, 12 முதல் 18 மாதங்கள் கழித்துச் சாக்கைக் கிழித்து, மண்ணை நீரால் கழுவினால் வேர் முழுமையாகக் கிடைக்கும். அடித்தூரைச் சிறு வேருடன் பிரித்து, இலையைக் குறுக்கி, வாடுவதற்குள் அடுத்த சாக்கில் நட்டுவிடுங்கள்.