பூங்கா நிலத்தில் வணிக வளாகம்: குடியிருப்பவர்கள் தடுக்க முடியுமா?

கேள்வி: எங்கள் நகரின் பொதுப் பூங்காவில், சாலையை ஒட்டிய பகுதியை எடுத்து வணிக வளாகம் கட்ட நகர்மன்றம் தீர்மானம் நிறைவேற்றியுள்ளது. மீதிப் பூங்கா அப்படியே இருக்கும் என்றும், கடை வாடகையைக் கொண்டு அதைப் பராமரிப்போம் என்றும் சொல்கிறார்கள். அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்கள் என்ற அளவில் நாங்கள் இதை எதிர்க்க முடியுமா?

பதில்: தாராளமாக எதிர்க்கலாம். பூங்கா நகராட்சியின் பெயரில் பதிவாகியிருந்தாலும், மக்களுக்காக அதைக் காக்கும் பொறுப்பாளர் என்ற முறையில்தான் அந்த நிலம் நகராட்சியிடம் இருக்கிறது. விருப்பம்போல் கைமாற்றிக்கொள்ளும் சொத்து அன்று.

உங்கள் நிலைமைக்கு மிக நெருக்கமானது லக்னோ வழக்கு. அங்கே அமீனாபாத் சந்தைப் பகுதியிலுள்ள ஜண்டேவாலா பூங்காவின் அடியில் வணிக வளாகம் கட்ட, ஒப்பந்தப்புள்ளி கோராமலேயே ஒரு தனியார் நிறுவனத்துக்கு மாநகராட்சி அனுமதி அளித்தது. மேலே பூங்கா இருக்கத்தானே போகிறது என்று அங்கேயும் சொன்னார்கள். ஆனால் கட்டடத்தின் கூரைமேல் அமையும் தோட்டம் பழைய பூங்காவாகாது, அது வேறு வகைப்பட்டது என்பதை 1999-இல் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. பெரும் பணம் செலவாகிவிட்டது என்ற வாதத்தையும் ஏற்காமல், கட்டியதை அகற்றிப் பூங்காவை மீட்க உத்தரவிட்டது. நிலத்துக்கு அடியில் கட்டியதற்கே இந்த நிலை என்றால், உங்கள் ஊரில் நிலத்தையே எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள்.

வழக்குத் தொடர உங்களுக்கு என்ன தகுதி என்று கேட்டால், 1991-ஆம் ஆண்டின் பெங்களூரு தீர்ப்பைச் சொல்லுங்கள். பூங்காவுக்கென ஒதுக்கிய மனையைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை எதிர்த்து அப்பகுதி மக்களே நீதிமன்றம் சென்று வென்ற வழக்கு அது.

வாடகை வருமானம் என்ற வாதத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. பல உள்ளாட்சி அமைப்புகளிடம் பணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் பராமரிப்புச் செலவு ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்க வேண்டிய தொகை. அதற்காக நிலத்தைக் கொடுத்தால், அடுத்த பற்றாக்குறை வரும்போது இன்னொரு துண்டைக் கேட்பார்கள். பூங்காவுக்கு வருபவர்களுக்கான குடிநீர்க் குழாயையும் கழிப்பறையையும் எதிர்க்க வேண்டியதில்லை. அவை பூங்காவுக்காக இருப்பவை, கடைத்தொகுதி அப்படிப்பட்டதன்று.

முதலில் அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடம், நில ஆவணம், நகர்மன்றத் தீர்மானம் ஆகியவற்றின் நகல்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வரைபடத்தில் அந்த இடம் பூங்கா என்று குறிக்கப்பட்டிருந்தால், அதுவே உங்கள் வலுவான சான்று. நிலப் பயன்பாட்டை மாற்ற அறிவிப்பு வெளியானால், அதில் குறிப்பிட்ட கெடுவுக்குள் ஒவ்வொரு வீட்டாரும் தனித்தனியாக எழுத்துமூலம் ஆட்சேபனை அளித்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேலை தொடங்கும் அறிகுறி தெரிந்தால் பதிலுக்காகக் காத்திராமல், உடனே வழக்கறிஞர் மூலம் உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை கோருங்கள், ஏனெனில் வெட்டிய மரத்தை எந்தத் தீர்ப்பாலும் திரும்ப நிறுத்த முடியாது.