குழந்தைக்கு ஃப்ளூ என்று தெரிந்தபிறகும் மரபணு வரிசை பார்ப்பது எதற்கு?

ஃப்ளூ என்று டெஸ்ட் சொல்லிவிட்டது, மருந்தும் கொடுத்தாயிற்று, அப்புறமும் மாதிரியை மரபணு ஆய்வுக்கு அனுப்பச் சம்மதம் கேட்கிறார்கள், இதனால் என் பிள்ளைக்கு என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். நேராகச் சொன்னால், ஒன்றும் இல்லை. முடிவு வருவதற்குள் அவன் குணமாகிப் பள்ளிக்கூடம் போய்விடுவான். ஆனாலும் கையெழுத்துப் போடுங்கள் என்பேன். நான் வைரஸ் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன். அந்தச் சார்பைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

2009 மார்ச் கடைசியில் கலிஃபோர்னியாவில் இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல். சான் டியேகோவில் 10 வயதுப் பையன், பக்கத்து இம்பீரியல் மாவட்டத்தில் 9 வயதுப் பெண். இருவரும் தேறிவிட்டார்கள். பையனின் மாதிரி, புதிய பரிசோதனைக் கருவி ஒன்றைச் சோதிக்கும் ஆய்வுக்காக எடுத்தது. இன்ஃப்ளுயன்சா ஏ என்று வந்ததே தவிர, மனிதரிடையே சுற்றிக்கொண்டிருந்த எந்த வகையோடும் ஒத்துப்போகவில்லை. அட்லாண்டாவில் சிடிசி (அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம்) வைரஸின் மரபணு வரிசையைப் பார்த்தபோது இரண்டு பேரிடமும் ஒரே பன்றி வைரஸ். ஃப்ளூவின் மரபணுத் தொகுப்பு 8 துண்டு. இதில் 6 துண்டு வட அமெரிக்கப் பன்றி வைரஸ் வழி, மீதி 2 யூரேசியப் பன்றி வைரஸ் வழி. அப்படியொரு கலவையை அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. பிள்ளைகளுக்கோ பன்றியோடு பழக்கம் இருந்ததாகத் தெரியவில்லை, ஒருவருக்கொருவர் தொடர்பும் இல்லை. அப்படியென்றால் மனிதருக்கு மனிதர் பரவுகிறது என்றுதானே அர்த்தம்? மெக்சிகோவில் ஏற்கெனவே பரவிக்கொண்டிருந்தது இதுதான் என்பது அடுத்த சில நாட்களில் தெளிவானது. ஜூன் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்று என்று அறிவித்தது.

குழந்தைகளிடம் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெரியவர்களைவிட அவர்களிடம் வைரஸ் பொதுவாக அதிகம், கூடுதல் நாள் வெளியேறவும் செய்யும். பிசிஆர் என்ற சோதனையில் வைரஸ் தென்படும்வரை அதன் மரபணுவை எத்தனை சுற்றுப் பெருக்க வேண்டியிருந்தது என்பதே சிடி எண்; எண் குறைந்தால் வைரஸ் அதிகம். அது 18, 20 என்று வந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம். 33 என்று வந்தால் வரிசை முழுசாகக் கிடைப்பது சந்தேகம்தான்; வைரஸை நகலெடுக்கும் பாலிமரேஸ் நொதிக்கான நீளமான துண்டுகள்தான் முதலில் காலை வாரும்.

மருந்து விஷயத்தில் இது உங்களையும் தொடும். பலாக்சவிர் என்ற மாத்திரையை ஜப்பானில் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், ஏறத்தாழ 23 சதவீதம் பேரிடம் வைரஸ் மருந்துக்கு மசியாதபடி மாறத் தொடங்கியது. பெரியவர்களில் சுமார் 10 சதவீதம்தான். இந்த மாற்றம் பிஏ என்ற துண்டில் 38ஆம் இடத்தில் வருவது. வரிசை பார்த்தால்தான் தெரியும். தடுப்பூசியில் எந்த வைரஸைச் சேர்ப்பது என்று ஆண்டுக்கு இருமுறை முடிவெடுப்பதற்கும் இந்த வரிசைகள் வேண்டும். ஃப்ளூவின் பி வகையில் யமகட்டா என்ற கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு எங்கும் உறுதியாகத் தென்படாததால்தான் அதை இனிச் சேர்க்கத் தேவையில்லை என்றார்கள்.

‘மரபணு’ என்றதும் பிள்ளையின் மரபணுவோ என்று பயப்படுகிறீர்கள் என நினைக்கிறேன். பொதுவாக நாங்கள் பெருக்கி எடுப்பது ஃப்ளூவின் துண்டுகளை மட்டும். பொதுத் தரவுத்தளத்தில் ஏ/கலிஃபோர்னியா/7/2009 என்பதுபோல வகை, ஊர், வரிசை எண், ஆண்டு போகும். கூடவே வயது, பாலினம், மாதிரி எடுத்த தேதி இருக்கலாம். பெயர் போகாது. ஆனால் படிவத்தில் ‘எதிர்கால ஆய்வுகளுக்கு மாதிரியைச் சேமிக்க’ என்று தனியாக ஒரு கட்டம் இருந்தால், என்ன ஆய்வு, எத்தனை வருடம் என்று கேட்டுவிட்டு டிக் போடுங்கள். அதற்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.