டாஃபடில் கிழங்கு வாங்கினேன், இலைதான் வந்தது

கேள்வி: ஏனுங்க, போன டிசம்பரில் ஆன்லைனில் பத்து 'மினியேச்சர் டாஃபடில்' கிழங்கு வாங்கினேன். 650 ரூபாய். படத்தில் சாண் உயரச் செடியில் மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்திருந்தது. 'எல்லா சீதோஷ்ணத்துக்கும் ஏற்றது, வருடா வருடம் பூக்கும்' என்று போட்டிருந்தார்கள். மொட்டை மாடியில் தொட்டியில் நட்டேன். பூண்டுத் தாள் மாதிரி இலை வந்தது, மார்ச்சில் கருகிப்போனது. ஒரு பூகூட இல்லை. விற்றவரிடம் கேட்டால் 'நீங்கள் பராமரித்தது சரியில்லை' என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா? இந்த வருடம் மறுபடி வாங்கலாமா?
— வாசகி, பொள்ளாச்சி

பதில்: உங்கள் பராமரிப்பில் பெரிய குறை இல்லைங்க. பொள்ளாச்சியில் குளிர் போதவில்லை, அவ்வளவுதான். அதை விற்றவர் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

டாஃபடில்களின் பூர்வீகம் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம். நல்ல கிழங்காக இருந்தால், நீங்கள் வாங்கும்போதே பூவின் கரு உள்ளே உருவாகியிருக்கும். ஆனால் அது தண்டு நீட்டி வெளியே வர, சுமார் 12 முதல் 16 வாரம் 9 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்க வேண்டும். கோவைப் பக்கம் மார்கழி விடியற்காலையில்கூட 18, 19 டிகிரிதான் இருக்கும். நாம் மப்ளர் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகிற அந்தக் குளிர் டாஃபடிலுக்கு வசந்த காலத்தின் கடைசி. அதனால்தான் வெறும் இலையை மட்டும் விட்டுவிட்டு நின்றுவிட்டது.

சரி, பணத்துக்கு வருவோம். முதலில் அந்த விற்பனைப் பக்கத்தை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். 'எல்லா சீதோஷ்ணத்துக்கும் ஏற்றது' என்ற வரிதான் உங்கள் ஆதாரம். அது நாளைக்கே மாறிவிடலாம். பில், பாக்கெட் படம், அவர் அனுப்பிய பதில் எல்லாம் சேர்த்து வையுங்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. அந்தத் தளத்துக்கு ஒரு குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைப்பது அவர் பொறுப்பு. தொலைபேசியில் சண்டை போடாமல் அவருக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. ஆனால் 650 ரூபாய்க்காகக் கோவைக்கு நாலு நடை நடக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பெரும்பாலும் 1915 வரை போனாலே போதும். ஒன்று மட்டும் பாருங்கள்: அதே பக்கத்தில் எங்காவது 'நடும் முன் குளிரூட்ட வேண்டும்' என்று எழுதியிருந்தால் உங்கள் வழக்கு பலவீனமாகிவிடும்.

மறுபடி வாங்கலாமா என்றால், வாங்கலாம். ஆனால் செடி வாங்குகிறோம் என்று நினைக்காதீர்கள். பத்து நாள் பூவுக்குக் காசு கொடுக்கிறோம் என்று நினைத்தால் ஏமாற்றம் இருக்காது. பூத்த பிறகு குறைந்தது ஆறு வாரமாவது இலை பச்சையாக நின்றால்தான் அடுத்த வருடப் பூவுக்கான சத்து கிழங்கில் சேரும். நம் ஊர் மாசி வெயில் அதற்கு விடாது. 'வருடா வருடம் பூக்கும்' என்பது சமவெளியில் நடக்காத பேச்சு.

குட்டை ரகங்களில் நம்பி வாங்கக்கூடியது 'டெட்-அ-டெட்'. 1940களில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் அலெக் கிரே என்பவர் உருவாக்கியது. பெயருக்குப் பிரெஞ்சில் 'தலையோடு தலை' என்று பொருள். பெரும்பாலும் ஒரே தண்டில் இரண்டு பூ, சந்தைக்கு வந்த இரண்டு பேர் ரகசியம் பேசுகிற மாதிரி நிற்கும். உயரம் 15 முதல் 20 சென்டிமீட்டர்தான், அதனால் தொட்டியோடு ஃப்ரிட்ஜுக்குள் வைக்கலாம். பெரிய டாஃபடிலில் இந்த வசதி இல்லை.

செப்டம்பர் கடைசிக்குள் கிழங்கு கைக்கு வருகிற மாதிரி வாங்குங்கள். கிழங்கின் சுற்றளவை சென்டிமீட்டரில் கேளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம். பிரித்ததும் அடிப்பகுதியை விரலால் அமுக்கிப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் அழுகல், அன்றைக்கே படம் எடுத்துத் திருப்பி அனுப்புங்கள். கிழங்கு இறுக்கமாகவும் கைக்குக் கனமாகவும் இருக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் 'ஃப்ரெஷ் ஸ்டாக்' என்று வருவதைத் தொடாதீர்கள், அது போன வருடத்து மிச்சம்.

நடுவதற்கு உங்கள் ஊர்த் தென்னை நார்க்கழிவே போதும். உப்புப் போகக் கழுவியதா என்று மட்டும் கேட்டு வாங்கி, பாதிக்குப் பாதி பெருமணல் கலந்துகொள்ளுங்கள். நாலு அங்குலத் தொட்டியில் மூன்று கிழங்கு. லேசான ஈரத்தோடு காகிதப் பையில் சுற்றி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் 14 வாரத்தில் பொங்கல் நெருங்கிவிடும். அப்போது வெளியே எடுத்து, காலை வெயில் மட்டும் படும் கிழக்குத் திண்ணையில் வையுங்கள். தைப்பூசம் வாக்கில் பூ பார்க்கலாம்.

இதில் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. முதல் தடவை ஆறு கிழங்கை ஃப்ரிட்ஜில் வாழைப்பழச் சீப்புக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். மொட்டு வந்தது, காகிதம் மாதிரி உலர்ந்து விரியாமலே போனது. பழம் விடுகிற எத்திலீன் வாயு உள்ளே இருக்கும் பூவைக் கொன்றுவிடும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அடுத்த தடவை கிழங்கு உள்ளே இருந்த மூன்று மாதமும் எங்கள் வீட்டில் பழத்துக்கு ஃப்ரிட்ஜில் இடமில்லை. அதற்கு நான் வாங்கிய திட்டு தனிக் கதை.

கேள்வி: நீல நிற டாஃபடில் விதை, 50 விதை 149 ரூபாய் என்று வருகிறது. வாங்கலாமா? — வாசகர், திருப்பூர்

பதில்: வேண்டாம். டாஃபடிலில் வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு உண்டு. நீலம் கிடையாது. நிஜ விதையாகவே இருந்தாலும் பூக்க நாலைந்து வருடம் ஆகும். வெளிநாட்டுத் தளம் என்றால் இன்னொரு சிக்கல்: விதையோ கிழங்கோ, 2003ஆம் ஆண்டு தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் வேண்டும். இல்லாவிட்டால் பார்சல் வழியிலேயே நின்றுவிடும்.

கேள்வி: மருமகள் ஃப்ரிட்ஜில் ஏதோ பூக்கிழங்கு வைத்திருக்கிறாள். பார்த்தால் சின்ன வெங்காயம் மாதிரியே இருக்கிறது. சாம்பாரில் போட்டுவிட்டால்? — ஒரு மாமியார், ஈரோடு

பதில்: நல்ல வேளை கேட்டீர்கள், அம்மணி. டாஃபடில் கிழங்கில் லைகோரின் என்ற நச்சு இருக்கிறது. வாந்தி, வயிற்றுப்போக்கு கொண்டுவரும். வேகவைத்தாலும் நம்ப முடியாது. வெங்காயம் என்று நினைத்து இதைச் சமைத்துச் சாப்பிட்டுப் படுத்தவர்கள் பல நாடுகளில் உண்டு. பையின் மேல் 'விஷம்' என்று பெரிதாக எழுதி, காய்கறித் தட்டில் வைக்காமல் தனி டப்பாவில் வைக்கச் சொல்லுங்கள். வீட்டில் நாய் இருந்தால் நட்ட தொட்டியையும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். அதன் சாறு சிலருக்குக் கையில் அரிப்புத் தரும், கையுறை நல்லது.

கேள்வி: ஃப்ரிட்ஜ் வேலையெல்லாம் ஆகாதுங்க. தோட்டத்தில் நட்டுவிட்டு மறந்துவிடுகிற மாதிரி ஏதாவது? — வாசகர், கோபி

பதில்: ஊட்டியிலோ கோத்தகிரியிலோ சொந்தக்காரர் தோட்டம் இருந்தால் டாஃபடிலை அங்கே அனுப்பிவிடுங்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், தை மாதத்தில் உறைபனியே விழும். தண்ணீர் தேங்காத சரிவில், கிழங்கின் உயரத்தைப் போல் மூன்று மடங்கு ஆழத்தில் நடச் சொல்லுங்கள்.

கோபியிலேயே வேண்டும் என்றால் 'பேப்பர்வைட்' கேட்டுப் பாருங்கள். டாஃபடிலின் உறவுதான், குளிரூட்டத் தேவையில்லை, நட்டு நாலு முதல் ஆறு வாரத்தில் வெள்ளையாய்க் கொத்துப் பூ வரும். வாசனை தூக்கலாக இருக்கும், சிலருக்குத் தலைவலிக்கும். முழங்கால் உயரம் வளர்ந்து சாய்வதால் குச்சி கட்ட வேண்டும்.

நட்டு மறக்கத்தான் வேண்டும் என்றால் மஞ்சள் மழை லில்லி. இதுவும் டாஃபடில் குடும்பமே. செம்மண்ணில் கூடுதல் கவனிப்பில்லாமல் பெருகும். ஒரு மழை பெய்தால் சில நாளில் தரையோடு தரையாய்ப் பூத்து நிற்கும். பக்கத்து வீட்டில் இருந்தால் ஒரு கைப்பிடி கிழங்கு கேட்டு வாங்குங்கள், கடைக்கே போக வேண்டாம்.