மாலையில் ஓடிய குஞ்சு காலையில் செத்துக் கிடப்பது ஏன்?

கேள்வி: பொரிப்பகத்திலிருந்து ஒரு நாள் வயதுடைய 150 நாட்டுக்கோழிக் குஞ்சுகளை வாங்கி, வீட்டின் பின்புறக் கொட்டகையில் உமி பரப்பி விட்டேன். மூன்று நாள்கள் நன்றாக ஓடியாடின. நான்காம் நாள் காலையில் 11 குஞ்சுகளும், ஐந்தாம் நாள் காலையில் 19 குஞ்சுகளும் சுவர் மூலையில் இறந்து கிடந்தன. இரவு முழுவதும் இரண்டு 9 வாட் எல்.இ.டி. பல்புகள் எரிகின்றன. வெள்ளைக்கழிச்சல் என்று பக்கத்தில் சொன்னதால் கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கித் தண்ணீரில் கலந்து கொடுத்தேன், பயனில்லை. மீதியைக் காப்பாற்ற வழி உண்டா? – திருவண்ணாமலை மாவட்ட வாசகர்.

பதில்: கழிச்சலைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதைவிட, இறப்பு நான்காம் நாளில் தொடங்கியது என்பதும், குஞ்சுகள் மூலையில் கிடந்தன என்பதும், பல்பு எல்.இ.டி. என்பதும்தான் எனக்கு அதிகம் சொல்கின்றன. குஞ்சுகளின் சாவை நாம் திடீர்ச் சாவு என்கிறோமே தவிர, பெரும்பாலும் அதன் காரணம் இரண்டு மூன்று நாள்களுக்கு முன்பே கொட்டகைக்குள் வந்துவிட்டிருக்கும்.

முட்டையை விட்டு வெளிவரும் குஞ்சு, மிச்சமிருக்கும் மஞ்சள் கருவைத் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டுதான் வருகிறது. ஏறத்தாழ 72 மணி நேரத்துக்கு அதுவே அதன் கட்டுச்சோறு. ஒரு நாள் குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் அடைத்து வெளியூர்களுக்கு அனுப்ப முடிவதும் அதனால்தான். முதல் நாளில் தீனி பொறுக்கப் பழகாத குஞ்சும் இந்தச் சேமிப்பின் பலத்தில் மூன்று நாள் ஓடித் திரியும். அது தீர்ந்ததும் நான்காம் அல்லது ஐந்தாம் நாள் சாயும். ஆகவே நான்காம் நாள் சாவுக்கு முதல் நாள் இரவைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

அந்த இரவில் உங்கள் கொட்டகையில் வெளிச்சம் இருந்திருக்கிறது, சூடு இல்லை. எல்.இ.டி. பல்பு மின்சாரத்தை மிச்சப்படுத்துவதே சூட்டைக் குறைத்துத்தான். குஞ்சுக்கு அதனால் பயனில்லை. இறகு முளைக்காத குஞ்சு தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது என்பதால், முதல் வாரத்தில் அதற்கு 95 டிகிரி பாரன்ஹீட், அதாவது 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. பிறகு வாரத்துக்கு 5 டிகிரி பாரன்ஹீட் வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். குண்டு பல்பாக இருந்தால் குஞ்சுக்கு ஒரு வாட், குளிர்காலத்தில் இரண்டு வாட் என்பது கணக்கு. உங்கள் 150 குஞ்சுகளுக்கு மார்கழியில் 300 வாட் வேண்டும். இருந்தது 18 வாட்.

குளிரும் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூலையில் அடையும். அடியில் சிக்கியவை மூச்சுத் திணறிச் சாகும். தப்பியவை கூட்டத்தை விட்டுத் தீனித்தட்டு வரை நடந்து வரத் துணியாமல் பட்டினி கிடக்கும். ஆக, ஒரே குளிர் இரண்டு வழிகளில் கொல்கிறது. இறந்த குஞ்சைக் கையில் எடுத்துப் பாருங்கள்: நசுங்கித் தட்டையாகி, இறகு ஈரமாக இருந்தால் அது நெரிசல். உடல் தக்கையாகி, கழுத்தடியில் தீனிப்பை வெறுமையாக இருந்தால் அது பட்டினி. வயிறு உப்பி, தொப்புள் ஈரமாகவோ நீலம் பாரித்தோ இருந்து துர்நாற்றம் வீசினால், மஞ்சள் கருப்பையில் கிருமி தொற்றியிருக்கிறது என்று பொருள். இது பொரிப்பகத்தின் சுத்தக் குறைவிலிருந்து வருவது; அதே நாளில் அங்கே குஞ்சு வாங்கிய பிறரையும் விசாரியுங்கள்.

வெள்ளைக்கழிச்சல் என்ற பெயரை நம் ஊர்களில் எல்லாவற்றுக்கும் வைத்துவிடுகிறார்கள். அந்தப் பெயருக்கு உரியது வைரஸால் வரும் ராணிக்கெட் நோய். சால்மோனெல்லா கிருமியால் வரும் புல்லோரம் நோயிலும் குஞ்சுகள் சுண்ணாம்பு போலக் கழியும். வெறும் குளிரில் நடுங்கும் குஞ்சுக்கும் எச்சம் இளகி ஆசனவாயில் ஒட்டிக்கொள்ளும். எச்சத்தின் நிறத்தை மட்டும் வைத்து மருந்து வாங்கக் கூடாது என்பது இதனால்தான். ஆன்டிபயாடிக் குளிரைப் போக்காது; மருந்தின் கசப்பால் குஞ்சு தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொண்டால் நிலைமை இன்னும் மோசமாகும்.

இன்று மாலைக்குள் செய்ய வேண்டியது இது. தகரத்தையோ கெட்டி அட்டையையோ ஒன்றரை அடி உயரத்தில் வட்டமாக வளைத்துக் கட்டி, குஞ்சுகளை அதற்குள் விடுங்கள். வட்டத்தில் மூலை இல்லை என்பதே அதன் பயன். நடுவில் தரையிலிருந்து ஓரடி முதல் ஒன்றரை அடி உயரத்தில் மூன்று 100 வாட் குண்டு பல்புகளைத் தொங்கவிடுங்கள். உமியின் மேல் செய்தித்தாளை விரித்து, அதன்மீது மக்காச்சோளக் குருணையையோ குஞ்சுத் தீவனத்தையோ தூவுங்கள்; வெறும் உமியில் விட்டால் குஞ்சு உமியையே பொறுக்கி வயிற்றை நிரப்பிக்கொள்ளும். ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் வெல்லம் கரைத்துச் சில மணி நேரம் மட்டும் வைத்து, புளிப்பதற்குள் எடுத்துவிட்டு நல்ல தண்ணீர் வையுங்கள். சோர்ந்த குஞ்சுகளின் அலகை ஒவ்வொன்றாக அதில் நனைத்து விடுங்கள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களைப் போட்டால் குஞ்சு விழுந்து நனையாது.

இரவு ஒன்பது மணிக்கு ஓசையில்லாமல் போய்ப் பாருங்கள். பல்புக்கு அடியில் குவிந்து கத்தினால் சூடு போதவில்லை. இறக்கையை விரித்து, வாயைத் திறந்து ஓரத்துக்கு ஒதுங்கினால் சூடு அதிகம். ஒரே பக்கமாக ஒதுங்கினால் எங்கோ ஊதல் காற்று புகுகிறது. வட்டம் முழுவதும் பரவிக் கிடந்தால் நீங்கள் நிம்மதியாகத் தூங்கப் போகலாம். வெப்பமானி இல்லாத வீட்டில் ஒரு குஞ்சை எடுத்து அதன் பாதத்தை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் குஞ்சு குளிரில் இருக்கிறது. அப்போதே பத்துக் குஞ்சுகளின் தீனிப்பையையும் விரலால் தடவுங்கள். ஏறக்குறைய எல்லாவற்றிலும் அது நிறைந்து, மெத்தென்று இருக்க வேண்டும்.

மின்வெட்டுக்குக் கரிச்சட்டி வைப்பவர்கள் உண்டு. தார்ப்பாயால் இறுக மூடிய கொட்டகையில் கரிப்புகையே குஞ்சுகளைக் கொன்றுவிடும் என்பதால், கூரையை ஒட்டி மேலே காற்று போக இடம் விடுங்கள். உமி பூசணம் பிடிக்காததாக இருக்கட்டும். அந்தப் பூசணம் நுரையீரலைத் தாக்கும். மூன்றாம் வாரத்துக்குமேல் ரத்தக்கழிச்சல் வரலாம். ஈர உமிதான் அதற்கு வழிவிடுவது என்பதால், நனைந்த இடத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள்.

இவ்வளவு செய்தும் மறுநாள் சாவு குறையவில்லையென்றால், புதிதாக இறந்த இரண்டு மூன்று குஞ்சுகளை ஐஸ் கட்டிகளுக்கு இடையில் வைத்து, சோர்ந்த ஒன்றிரண்டையும் உயிருடன் எடுத்துக்கொண்டு, அன்றே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். ஃப்ரீசரில் வைத்து உறைய விட்டால் பிரேதப் பரிசோதனை கெட்டுப்போகும். அதன் முடிவைப் பார்த்த பிறகே மருந்து.

ராணிக்கெட் நோய் வராமலிருக்க ஏழாம் நாளில் போட வேண்டிய லசோட்டா தடுப்பூசியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் நாள் நெருங்கிவிட்டது. குஞ்சுகள் அதற்குள் தேறியிருந்தால் கண்ணிலும் மூக்கிலும் ஒவ்வொரு சொட்டாக விடலாம். தேறாவிட்டால் எத்தனை நாள் தள்ளிப்போடலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். மருந்தை ஐஸில் வைத்துத்தான் எடுத்துவர வேண்டும். கரைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடித்து, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.