ஓட்ஸும் பார்லியும் ஒத்துக்கொள்ளாத குதிரைக்கு எதில் தெம்பு கொடுப்பது?

ஓட்ஸ், பார்லி தின்றால் தோலில் தடிப்பு, குதிரைமசால் (லூசர்ன் தீவனம்) தின்றால் இளகிய லத்தி, தடை தாண்டும் போட்டியின் இரண்டாம் சுற்றில் சோர்வு என்று உங்கள் குதிரையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். படிக்கவே கஷ்டமாக இருந்தது. ஆனால் தானியம் இல்லாமலும் நல்ல தெம்பு கொடுக்க முடியும்.

முதலில் புல்லைப் பாருங்கள். 500 கிலோ குதிரைக்கு நாளைக்குக் குறைந்தது 7.5 கிலோ உலர்புல் வேண்டும். கண்மதிப்பு வேண்டாம், தராசில் நிறுத்துப் போடுங்கள். இளம்பருவத்தில் அறுத்த புல்லாக இருந்தாலே பாதி வேலை முடிந்தது. பெருங்குடலில் நார் புளித்துக் கிடைக்கும் சக்தி மெதுவாக, நீண்ட நேரம் வரும். அதோடு வெல்லப்பாகு சேர்க்காத சர்க்கரை பீட் சக்கையை (கிழங்கில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சுவது) நன்றாக ஊறவைத்துக் கொடுக்கலாம்.

அப்புறம் எண்ணெய். மாவுச்சத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சக்தி இதில் உண்டு. ஆளிவிதை எண்ணெய் என் முதல் தேர்வு. 50 மில்லியில் ஆரம்பித்து, இரண்டு மூன்று வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள். வைட்டமின் ஈ கூடவே வேண்டும், அதை விட்டுவிடாதீர்கள்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு தீனியை மட்டும் மாற்றுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால், தடிப்பு எதனால் வந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஒவ்வாமைக்கான ரத்தப் பரிசோதனையை நம்பிப் பணம் செலவழிக்காதீர்கள், குதிரைகளில் அது சரியாகச் சொல்வதில்லை. சந்தேகமான தீனியை நிறுத்தி, பிறகு திரும்பக் கொடுத்துப் பார்ப்பதுதான் வழி. வியர்வையில் போகும் உப்பை ஈடுகட்டுகிறீர்களா? சோர்வுக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். இவ்வளவும் செய்து சோர்வு தீராவிட்டால், தீனியை மாற்றிக்கொண்டே இருக்காமல், கால்நடை மருத்துவரிடம் வயிற்றுப் புண்ணுக்குப் பார்க்கச் சொல்லுங்கள்.