ஹீட்டரில் சூடு வரவில்லையா? கோரை மாற்றும் முன் இரண்டு ஹோஸைத் தொட்டுப் பாருங்கள்

கேள்வி: 2003-ம் வருட மாருதி 800 வைத்திருக்கிறேன். வள்ளியூரிலிருந்து போடிமெட்டு வழியாக மூணாறு போனபோது ஹீட்டரில் குளிர்ந்த காற்றுதான் வந்தது, முன் கண்ணாடியெல்லாம் பனி மூடிவிட்டது. ஹீட்டர் கோர் அடைத்துவிட்டது, டேஷ்போர்டைக் கழற்றி மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: இப்போதே வேண்டாம். கோர் என்பது டேஷ்போர்டுக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர், அதில் ஓடும் இன்ஜினின் சூடான தண்ணீர்தான் உள்ளே வரும் காற்றைச் சூடாக்கும். கோரின் விலையைவிட டேஷ்போர்டைக் கழற்றி மாட்டும் கூலிதான் பெரிது. பழைய பிளாஸ்டிக் கொக்கிகள் கழற்றும்போதே உடையும், பிறகு வண்டி ஓடும்போதெல்லாம் கடகடவென்று சத்தம் கேட்கும். சூடு வராததற்கான காரணம் பெரும்பாலும் பானெட்டுக்கு அடியிலேயே இருக்கும்.

வண்டியை 15 நிமிடம் ஓட்டிவிட்டு, ஹீட்டர் லீவரை முழுச் சூட்டில் வையுங்கள். பானெட்டைத் திறந்தால், இன்ஜினிலிருந்து டேஷ்போர்டு பக்கம் தகரத் தடுப்புக்குள் நுழையும் இரண்டு ரப்பர் ஹோஸ்கள் தெரியும். நம் பக்கத்தில் இந்த இரண்டையும் ஒரு துண்டுக் குழாயால் இணைத்து, ஹீட்டரையே துண்டித்து வைத்திருப்பார்கள். ஏசி நன்றாகக் குளிரட்டும் என்று செய்வது. முன்பு வண்டியை வைத்திருந்தவர் செய்திருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்காது, அதனால் முதலில் இதைப் பாருங்கள்.

ஹோஸ்கள் உள்ளே போகின்றன என்றால், இரண்டையும் மெல்லத் தொடுங்கள். ரேடியேட்டர் ஃபேன் எந்த நேரமும் சுற்றத் தொடங்கும், கை அந்தப் பக்கம் போகக்கூடாது.

இரண்டும் ஒரே மாதிரி சூடாக இருந்தால் கோரில் கோளாறில்லை. லீவரின் கேபிள் கழன்றிருக்கும், அல்லது காற்றைத் திருப்பும் மடல் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்று சூடு, மற்றது குளிர்ச்சி என்றால் தண்ணீர் உள்ளே ஓடவில்லை. ஹோஸ் பாதையில் ஹீட்டர் வால்வு உள்ள வண்டிகளில், கேபிள் இழுக்கும்போது அது திரும்புகிறதா என்று பாருங்கள். வருடக்கணக்கில் யாரும் தொடாத வால்வு இறுகிக்கிடக்கும். வால்வு திறந்தும் இதே நிலை என்றால்தான் கோர் அடைப்பு.

இரண்டுமே வெதுவெதுப்புதான் என்றால் கூலண்ட் குறைவாக இருக்கும், உள்ளே காற்று அடைத்திருக்கும், இல்லையென்றால் தெர்மோஸ்டாட் வால்வு, அதாவது இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு, இருக்காது. ‘நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு’ என்று கழற்றி எறிந்துவிடும் பழக்கம் இங்கே அதிகம். தவறான பழக்கம். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வரவே நேரமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் ஏறும். நான்கு வழிச்சாலையில் 80-ல் போகும்போது டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வராமல் கீழேயே கிடந்தால் சந்தேகம் வலுக்கும். மலை இறக்கத்தில் இன்னும் கீழே போகும். தெர்மோஸ்டாட் இருக்கிறது, ஆனால் வேலை செய்கிறதா என்று தெரியவில்லை என்றால், கழற்றி, சமையலுக்குப் பயன்படுத்தாத ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அதில் தொங்கவிட்டுக் கொதிக்க வையுங்கள். பச்சைத் தண்ணீரில் நன்றாக மூடியிருக்க வேண்டும். அதன் மேல் பொறித்திருக்கும் சூட்டை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும், பொதுவாக 82 அல்லது 88 டிகிரி.

அடைப்புதான் என்றால், பெரும்பாலும் காரணம் ரேடியேட்டரில் ஊற்றும் போர் தண்ணீர். ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்துத் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் உப்புதான் கோரின் மெல்லிய குழாய்களிலும் படிகிறது. ரேடியேட்டரைவிடச் சிறியது என்பதால் கோர் முதலில் அடைக்கும். அடுத்தது ரேடியேட்டர்தான், ஆகவே இதை வெறும் ஹீட்டர் பிரச்சினையாக எண்ணி விட்டுவிடாதீர்கள்.

இன்ஜின் நன்றாக ஆறியபின் இரண்டு ஹோஸையும் கழற்றுங்கள். வராவிட்டால் முறுக்க வேண்டாம், கோரின் மூக்கு உடைந்துவிடும். ஹோஸை நீளவாக்கில் பிளேடால் கீறி உரித்துவிட்டுப் புதிது போடுங்கள், அதன் விலை சொற்பம். தண்ணீர் வெளியே வரும் வாய் வழியாகத் தோட்டத்துக் குழாயை வைத்து, எதிர்த்திசையில், மெதுவான அழுத்தத்தில் தெளிவாக வரும்வரை விடுங்கள். கம்ப்ரசர் காற்று வேண்டாம், கோர் பிளந்துவிடும். அலுமினியக் கோரில் கழிப்பறை ஆசிட் ஊற்றவே கூடாது, ஓட்டை விழும்.

பிறகு பழைய தண்ணீரை முழுதும் வடித்துவிட்டு, கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். கலந்தே விற்கும் கூலண்ட் என்றால் தண்ணீர் சேர்க்காதீர்கள். வண்டியின் முன்பக்கம் சற்று மேடாக நிற்கட்டும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஐடிலில் ஓடவிடுங்கள். குமிழி நிற்கும்வரை நிரப்பி மூடுங்கள். மூடியபின், இன்ஜின் சூடாக இருக்கும்போது அதை மறுபடி திறக்காதீர்கள், கொதிநீர் முகத்தில் அடிக்கும். வடித்த கூலண்ட் விஷம். இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கிவிடும், வாசலில் கொட்டாதீர்கள்.

மலையில் கண்ணாடி மூடினால் ஹீட்டரோடு ஏசியையும் போட்டு, வெளிக்காற்று வரும்படி வையுங்கள். ஏசி ஈரத்தை எடுத்துவிடும்.

கோரை உண்மையிலேயே மாற்ற வேண்டிய நிலை ஒன்று உண்டு. முன் இருக்கைக் கால்மிதியடிக்குக் கீழே ஈரம், உள்ளே இனிப்பு வாடை, கண்ணாடியின் உட்புறம் துடைத்தாலும் போகாத பிசுக்கு, கூடவே கூலண்ட் குறைந்துகொண்டே வருவது: இவையெல்லாம் சேர்ந்து வந்தால் கோர் ஒழுகுகிறது, கழுவிப் பயனில்லை. அப்போது மெக்கானிக் சொல்வதைக் கேளுங்கள்.